பாட்டு ஏறும் இடம்

"இன்னும்… இன்னும் கொஞ்சம்… ஆங், பின்னால வா."

ரோசம்மா இரண்டு கையாலும் இரண்டு சுருள்களைப் பிடித்துக்கொண்டு, மங்குக் கிண்ணத்தில் ரப்பர்ப் பால் தளும்பாமல் நடப்பவள் மாதிரி, மூச்சை அடக்கித் திருப்பினாள். டேப் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. ஸ்பீக்கருக்குள் ஏதோ ஒரு மாடு கட்டுத்தறியில் கிடந்து முனகுவது போலச் சத்தம் வந்தது. பின்னால் திருப்பினால் அதே மாடு மூச்சை உள்ளே இழுத்தது.

கான்வாஸ் கட்டிலில் தம்பி ஹெர்பர்ட் கண்ணை மூடிப் படுத்திருந்தான். போர்வைக்கு மேலே வலது கையின் இரண்டு விரல் மட்டும் தூக்கியபடி நின்றன. அந்த விரல் விழுந்தால் இவள் நிறுத்த வேண்டும். இது இரண்டு பேரும் அன்று காலையில்தான் பேசி வைத்த ஏற்பாடு. முன்பெல்லாம் சுருளைத் திருப்புவது அவன், காது கொடுப்பது அவன், வெள்ளைப் பென்சிலால் கோடு கிழிப்பது அவன். பிளேடு மட்டும்தான் இவளுடையது. இப்போது அவன் கை மார்புக்கு மேல் எழும்புவதில்லை.

விரல் விழுந்தது.

"அங்க."

"இங்கயா?"

"அங்கதான்லா. அசையாத. பென்சில எங்கிட்ட குடு."

"நானே போட்டுர்றேன்டா. கோடுதானே."

"குடுக்கா."

பென்சிலை அவன் விரலிடுக்கில் வைத்தாள். மணிக்கட்டைத் தாங்கித் தூக்கினாள். கையில் கனமே இல்லை. மேசை ஓரம் வரைக்கும் கொண்டுபோய், டேப்பின் முதுகில் அவனே ஒரு வெள்ளைக்கோடு போட்டான். அது வளைந்து போய் முடிந்தது.

"கோணல்."

"கோடு எப்பிடி இருந்தா என்ன, வெட்டு நேரா இருந்தா போதும்."

அவன் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கி, மறுபடி சிரிப்பாகவே நின்றது. "இது ஏறுற எடம். எறங்குற எடத்துல இன்னொரு கோடு. ரெண்டுக்கும் நடுவுல இருக்கறத எடுத்துட்டு ஒட்டிரு. அப்புறம் பக்கிரி மூஞ்சிய நான் தைரியமா பாக்கலாம்."

"முதல்ல கஞ்சி."

"முதல்ல கோடு."

"கஞ்சி ஆறிப் போச்சுன்னா நீ குடிக்க மாட்ட. எங்கயும் ஓடிற மாட்டேல்ல, இரு."

இந்த டேப்புக்கு ஒரு கதை உண்டு. ஹெர்பர்ட் ரப்பர்த் தோட்டத்து ஆலையில் வயர்மேன். ஞாயிற்றுக்கிழமை பாடாங் செராய் மாதா கோவிலில் ஆர்மோனியம் வாசிப்பான். மற்ற நாளில் ஊரில் ஊமையாகிப்போன ரேடியோக்கள் எல்லாம் அவன் வீட்டுக்குத்தான் வரும். எழுபத்தெட்டில், பினாங்கு ஓட்டல் ஒன்றில் வாசித்துக்கொண்டிருந்த பிலிப்பினோக்காரர் ஒருவர், பழுதான சிந்தசைசர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். பாதி கட்டைகள் பேசவில்லை. பேசியவை தப்பாகப் பேசின. "ரிப்பேர் பண்ணி வை, ஹாட்யாய்க்குப் போய்விட்டு வந்து எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்லிப் போனார். ஹெர்பர்ட் அதைச் சீக்கிரமே சரிபண்ணிவிட்டான். ஆள்தான் வரவில்லை. தாய்லாந்து அவருக்குப் பிடித்துப்போனதோ என்னவோ, மாதக்கணக்கில் வரவே இல்லை.

"சரியா வேல செய்யுதான்னு பாக்கணும்ல?" என்று அதன் முன்னால் உட்கார்ந்தவன்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

கிளப்பில் தூசி தின்றுகொண்டிருந்த பெரிய சுருள் ரெக்கார்டரை மேனேஜரிடம் கேட்டு வாங்கினான். காலையில் ரோசம்மாவோடு மரம்வெட்ட, அதாவது பட்டையைச் சீவிப் பால் இறக்கப் போய், மங்கில் பால் சொட்டுகிற சத்தத்தைப் பிடித்துவந்தான். ஆலை உருளைகள் ரப்பர் தகட்டை நசுக்குகிற சத்தம், மங்கோடு மங்கு இடிக்கிற சத்தம், ஆட்களை வேலைக்குக் கூட்டும் பெரட்டு மணி. எல்லாவற்றையும் டேப்பில் ஏற்றி, வேகத்தைக் கூட்டி, குறைத்து, பின்னிருந்து முன்னாக ஓடவிட்டு, அதன் மேல் சிந்தசைசரை வாசித்தான். பிடித்த இடத்தை வெட்டி, பிடித்த இடத்தோடு ஒட்ட வேண்டும். அங்கேதான் அவனுக்கு உதைத்தது. அவன் வெட்டினால் ஒட்டு போட்ட இடத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். பிளேடைத் தூக்கி எறிந்துவிட்டு, தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுவான்.

ஒருநாள் ரோசம்மா பிளேடை எடுத்து, சாய்வாக ஒரே இழுப்பு இழுத்தாள். மரத்தில் காயம் படாமல் பட்டையை மட்டும் சீவுகிற அதே சாய்வு, அதே அழுத்தம். ஒட்டி ஓடவிட்டான். சத்தம் வழுக்கிக்கொண்டு போனது. ஹெர்பர்ட் அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இத்தனை நாளா எங்கக்கா இருந்த?" என்றான். "உனக்குச் சோறாக்கிட்டு அடுப்படியில இருந்தேன்" என்றாள் இவள். அதிலிருந்து வெட்டு முழுக்க இவளுடையது.

எட்டுப் பாட்டு. ஒன்றிலும் வார்த்தை கிடையாது. "உங்க வீட்ல யாரோ தண்ணிக்குள்ள உக்காந்து பாடுறாங்களாமே?" என்று லயத்து வரிசை வீடுகளில் கேலி பேசினார்கள். பக்கத்து வீட்டு முனியாண்டியின் கோழி அந்தச் சத்தத்தில் முட்டை போடுவதை நிறுத்திவிட்டது என்று ஒரு வழக்குக்கூட வந்தது. ஹெர்பர்ட் அசரவில்லை.

அசைத்தது கரண்டுதான். அப்போது தோட்டத்துக்கு அரசாங்கக் கரண்டு வரவில்லை. இன்ஜின் கொட்டகையில் பக்கிரிசாமி ஓட்டுகிற இன்ஜின்தான் எல்லா வீட்டுக்கும் விளக்கு. எல்லோரும் ஒரே நேரத்தில் சுவிட்சைத் தட்டினால் இன்ஜின் மூச்சு வாங்கும், ரெக்கார்டரும் அதோடு சேர்ந்து மூச்சு வாங்கும். அதற்காகப் பக்கிரிசாமி வீடு வீடாகப் போய்ச் சொல்லி வைத்திருந்தான்: "ஹெர்பட்டு பாட்டு புடிக்கிறான், நான் சங்கு ஊதுற வரைக்கும் யாரும் வெளக்கு போடக்கூடாது. போட்டா நாளைக்கு ஒங்க வீட்டுக்கு மட்டும் கரண்டு வராது." சிறு வயதிலிருந்தே கூட்டாளிகள். ஒருத்தன் மாதா கோவில், ஒருத்தன் மாரியம்மன் கோவில் கமிட்டி. எட்டாவது பாட்டு பிடிக்கிற வரைக்கும் அவன் பேச்சை எல்லோரும் கேட்டார்கள்.

கேட்காமல் போனது பக்கிரிசாமியேதான். திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. கோவிலில் வண்ண பல்புத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தவன், எரிகிறதா என்று ஒரு தடவை போட்டுப் பார்த்தான். அந்த ஒரு தடவை, எட்டாவது பாட்டின் நடுவில் விழுந்துவிட்டது. மறுபடி பிடிக்க வழியில்லை. அடுத்த நாள் காலையிலேயே பிலிப்பினோக்காரர் வந்து சிந்தசைசரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஹெர்பர்ட் திட்டவில்லை. "ஒங்க மாரியாத்தா என் பாட்ட கொஞ்சம் கடிச்சுப் பாத்துட்டாடா" என்று சொன்னதோடு சரி. பக்கிரிசாமிதான் அதற்கப்புறம் அந்தப் பாட்டுப் பக்கமே வரவில்லை. பேச்செடுத்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவான். அந்தக் கெட்டுப்போன இடத்தை எடுத்துவிடுகிறேன் என்று ஹெர்பர்ட் அவனுக்கு வாக்குக் கொடுத்தான். கொடுத்ததோடு இருந்துவிட்டான். கெட்டதோ நல்லதோ, கேசட்டில் ஏறிய ஏழு பாட்டு பாடாங் செராய், கூலிம் என்று சுற்றி, கடைசியில் பினாங்கில் கேசட் கடை வைத்திருக்கும் நடராஜா காதில் விழுந்தது. எட்டையும் சேர்த்து இசைத்தட்டாகப் போடலாம் என்று அவர் வந்து சொன்னபோது, ஹெர்பர்ட்டை ஆஸ்பத்திரியில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். சாகப்போகிறவருக்குப் பாதிரியார் எண்ணெய் பூசும் அவஸ்தைப் பூசுதலும் ஆகியிருந்தது. அவனுக்கு அதில் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. "அக்கா, ஒரு வெட்டு பாக்கி இருக்கு" என்றான். அவ்வளவுதான்.

ரோசம்மா கஞ்சியை ஊதிக்கொண்டே வந்தாள்.

"பக்கிரி வந்தானா?" கண்ணைத் திறக்காமல் கேட்டான்.

"கேட்டுல காவலுக்கு நிக்கிறான், ஜாகா வேல முடிஞ்சுதான் வருவான். வாயத் தொற."

ஒரு கரண்டி உள்ளே போனது. "உப்பு பத்தல" என்றான்.

உப்பு எடுக்க எழுந்தவள், துவையலும் கொஞ்சம் வைத்துக் கொடுப்போமே என்று அம்மியில் ஒட்டியிருந்ததை வழித்து எடுத்துக்கொண்டு வந்தாள். இரண்டாவது கரண்டி உதட்டோரமாக வழிந்தது. "முழுங்குடா" என்றாள். இன்னொரு தடவை சொன்னாள். போர்வை மேல் இரண்டு விரலும் விழுந்து கிடந்தன.

ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று கரண்டின் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. ரோசம்மா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். முதலில் ரெக்கார்டரின் சுவிட்சை அணைத்தாள். அப்புறம் அவன் வாயைத் துடைத்தாள். அதற்கப்புறம்தான் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பேட்ரிசியாவைக் கூப்பிட்டாள். அவனைக் கட்டிக்கொண்டு சுங்கை பட்டாணியிலிருந்து இந்தத் தோட்டத்துக்கு வந்தவள். கூப்பிட்ட குரலிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கையில் இருந்த சட்டையைக் கொடியில் போட்டு, கிளிப்பையும் மாட்டிவிட்டுத்தான் உள்ளே வந்தாள். அது அவனுடைய சட்டை.

மறுநாள் காலையில் வீடு நிறைந்திருந்தது. முன்னறையில் பெட்டிக்குள் ஹெர்பர்ட் கோட்டுப் போட்டுப் படுத்திருந்தான். கழுத்துப்பட்டி சற்று இறுக்கமாக இருப்பதாக ரோசம்மாவுக்குப் பட்டது. யாரும் பார்க்காதபோது கொஞ்சம் தளர்த்திவிட்டாள். மாதா கோவில் உபதேசியார் மரியராஜ் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். அவர்தான் முதல்நாளே ரெக்கார்டர் மேசையை அடுப்படிப் பக்கம் தள்ளி, அதன் மேல் துணி போர்த்தி வைத்தார். துக்க வீட்டில் பாட்டுப் பெட்டி கண்ணில் படக்கூடாது என்பது அவர் கட்டுப்பாடு.

பத்து மணி வாக்கில் ஒரு டாக்சி வந்து நின்றது. நடராஜா இறங்கினார். வெள்ளைச் சட்டை, கக்கத்தில் கறுப்புக் குடை. சாவுக்கு வரவில்லை அவர். டேப் வாங்க வந்தவர். வாசலில் கட்டியிருந்த கறுப்புத் துணியைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். உள்ளே வந்து பெட்டியருகில் கை கட்டி நின்றார். பிறகு ஒரு ஓரமாக உட்கார்ந்து, கொடுத்த காப்பியைக் குடித்தார். அவர் டேப்பைக் கேட்காமல் உட்கார்ந்திருப்பதே ரோசம்மாவுக்குக் கஷ்டமாக இருந்தது.

பேட்ரிசியாதான் அடுப்படிக்கு வந்து பேச்செடுத்தாள். "அண்ணி, அந்த மனுசன் நாளைக்கே சிங்கப்பூருக்கு டேப்ப அனுப்பணுமாம். இத விட்டா அப்புறம் எப்பன்னு சொல்ல முடியாதாம். டிரைவர்கிட்ட சொல்லிட்டு இருந்தாரு, எங்கிட்ட கேக்க கூச்சப்படுறாரு."

"அடக்கம் முடியற வரைக்கும் இருப்பாரா?"

"இருக்கேன்னுதான் சொல்றாரு. அப்பிடியே குடுத்துருங்க அண்ணி. போன ஆளு தொட்ட சாமான். இதுக்கு மேல கை வைக்க வேணாம்."

"அவன் வெட்டச் சொல்லிட்டுப் போயிருக்கான் பேட்ரிசியா."

"ஒரு கோடுதானே போட்டாரு?"

அதுதான் ரோசம்மாவையும் குடைந்துகொண்டிருந்தது. தன் நிரை வரிசையில் மரத்தைப் பாதி வெட்டிவிட்டு அவள் திரும்பி வந்ததில்லை. மழை வந்தால் வேறு விஷயம். ஆனால் இந்த மரத்தில் கத்தியை எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்கிறவன் முன்னறையில் கோட்டுப் போட்டுப் படுத்திருக்கிறான். வெட்டாமல் கொடுத்தால் பக்கிரிசாமிக்குக் கொடுத்த வாக்கு போச்சு. தப்பாக வெட்டினால் பாட்டே போச்சு. இந்த டேப் ஒன்றுதான் இருக்கிறது.

துணியை விலக்கினாள். ஸ்பீக்கரின் வயரைப் பிடுங்கிவிட்டு ஹெட்போனைச் சொருகினாள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த புஷ்பவள்ளி, பக்கத்து லயத்துக்காரி, "என்னக்கா இது, இன்னிக்குப் போயி" என்றாள்.

"அவன் வேலதான். ஒரு சத்தமும் வெளிய வராது, நீ உரி."

முன்னறையில் "அருள் நிறைந்த மரியே" போய்க்கொண்டிருந்தது. ஹெட்போனை மாட்டியதும் அது தூரத்துக்குப் போய்விட்டது. அவள் இதுவரைக்கும் இதை மாட்டியதே இல்லை. காதுக்குள் யாரோ ஒரு பெரிய அறையைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது. மங்கில் பால் சொட்டியது. ஒரு சொட்டு இந்தக் காதில், ஒரு சொட்டு அந்தக் காதில். அடியில் சிந்தசைசர் நிதானமாக, மலைமேல் மேகம் நகர்கிற மாதிரி வந்துகொண்டிருந்தது. வெள்ளைக்கோடு கடந்து போனது. பாட்டு மெல்ல ஏற ஆரம்பித்தது. ஏறியது, இன்னும் ஏறியது, சொட்டுகள் எல்லாம் அவசரமாக ஓடின, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, பழைய இடத்தில் வந்து உட்கார்ந்தது.

எங்கே உட்கார்ந்தது? பின்னால் திருப்பினாள். மறுபடி கேட்டாள். இங்கே என்று நினைத்தால் அதற்கு முன்பே இறங்கிவிட்டிருந்தது. முன்பே என்று பார்த்தால் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. கையால் நகர்த்தினால் மாடு முனகியது. எல்லா இடமும் அந்த இடம் மாதிரியே இருந்தது. வெள்ளைப் பென்சில் அவள் விரலில் வியர்த்தது.

பின்கதவு வழியாகப் பக்கிரிசாமி வந்தான். முழங்கால் வரைக்கும் செம்மண். விடிந்ததிலிருந்து கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டிக்கொண்டிருந்தான். மாதா கோவில் வேதக்காரப் பையன்களை வெட்டவிடாமல் மண்வெட்டியை இவனே வைத்துக்கொண்டதாக முனியாண்டி சொல்லியிருந்தான். குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு, அவளைப் பார்த்தான். ரெக்கார்டரைப் பார்த்தான். துண்டை உதறித் தோளில் போட்டான்.

"ஓடாதடா. வா இங்க."

"எனக்கு வேணாக்கா."

"எனக்கு வேணும். எறங்குற எடம் தெரியல. அவன் ஒரு கோடு போட்டுட்டுப் போயிட்டான், இன்னொன்னு போட ஆளில்ல."

"எனக்கு மட்டும் என்ன தெரியும்? நான் இன்ஜின்காரன்."

"இன்ஜின் எங்க நிமிந்துச்சுன்னு ஒனக்குத் தெரியாம வேற எவனுக்குத் தெரியும்?"

அவன் நின்றான். கைகளை இடுப்புச் சாரத்தில் துடைத்தான், துடைத்ததில் கை இன்னும் சிவப்பாயிற்று. "ஒன்னோட ஒரே சுசாக்கா, பெரிய தொல்ல" என்று முணுமுணுத்துக்கொண்டே முக்காலியில் உட்கார்ந்தான். ரோசம்மா ஹெட்போனை அவன் தலையில் மாட்டி, சுருளைப் பின்னால் ஓட்டி, பொத்தானை அழுத்தினாள்.

முதலில் கண்ணை இறுக மூடிக்கொண்டான், ஊசி போடக் கையைக் கொடுத்தவன் மாதிரி. பால் சொட்டுகிற இடத்தில் முகம் இளகியது. வெள்ளைக்கோடு கடந்தது. அவன் கழுத்து நிமிர்ந்தது.

"ஏறுதே!"

வீடே அதிர்ந்தது. ஹெட்போன் மாட்டியவனுக்குத் தன் குரல் தெரியாது. முன்னறையில் செபமாலை ஒரு மணியில் நின்றுவிட்டது.

"எறங்கும்னியே, ஏறுதேக்கா! இன்ஜின் எறங்குச்சு, எனக்குத் தெரியும், பாட்டு எப்பிடி ஏறுது?"

ரோசம்மா அவன் வாயைப் பொத்தப் போனாள். அதற்குள் உபதேசியார் மரியராஜ் அடுப்படி வாசலில் வந்து நின்றார். "என்னய்யா இது? துக்க வீட்ல?"

பக்கிரிசாமி ஒரு காதை விலக்கி, அவரையே மத்தியஸ்தம் கேட்டான். "சாமி, நீங்களே சொல்லுங்க, எறங்குனது ஏறுமா?"

உபதேசியார் கல்லறையில் இறங்கியவர் உயிர்த்தெழுந்ததை நம்புகிறவர், அவருக்கு அந்தக் கேள்விக்குப் பதில் இருந்தது. ஆனால் எதைப் பற்றிக் கேட்கிறான் என்பது தெரியாததால் வாயைத் திறந்து மூடினார். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த புஷ்பவள்ளி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். பேட்ரிசியா கணவன் போனதிலிருந்து முதல் தடவையாகச் சிரித்துவிட்டு, சிரித்ததற்காகச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"மெதுவா பேசுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உபதேசியார் திரும்பினார்.

ரோசம்மா குரலைத் தாழ்த்தினாள். "ஒன் இன்ஜின் எறங்குனப்ப டேப்பும் மெதுவா ஓடிருச்சு. மெதுவா புடிச்சத இப்ப சரியான வேகத்துல விட்டா, ஏறித்தான் வரும். ஹெர்பர்ட்டு எனக்கு அப்பிடித்தான் சொன்னான். ஒங்கிட்ட சொல்லலையா?"

"சொல்ல வந்தான். நான் கேட்டாத்தானே." அவன் செம்மண் கையைப் பார்த்தான். "இத்தன வருசமா நான் என்ன நெனச்சிட்டு இருந்தேன் தெரியுமா? நல்லா போற பாட்டு அந்த எடத்துல வந்து நாய் செத்த மாதிரி ஓன்னு படுத்துருமாக்கும்னு. அதான் கேக்கல."

"இன்னொரு வாட்டி கேளு. எறங்குற எடத்தச் சொல்லு."

ஓடவிட்டாள். இந்தத் தடவை அவன் கண்ணைத் திறந்தே வைத்திருந்தான். உதடு அசைந்தது. கோவில் ஏணியில் நிற்கிறான், அடியில் பல்புத் தோரணம் எரிகிறது, தூரத்தில் இன்ஜின் நடை தளர்கிறது. எல்லாம் அவன் முகத்தில் வந்தது. வலது கை தானாக எழுந்து, இல்லாத ஒரு சக்கரத்தைப் பிடித்தது.

"அய்யோ ஆத்தான்னு எறங்கி ஓடுறேன்… சாரம் அவுந்து போச்சு, ஒரு கையில சாரம்… கொட்டாயி கதவு… இப்ப! இப்பக்கா! இங்கதான் திருப்புனேன்!"

கை சுழன்றது. அது சுழன்று நிற்க, பாட்டும் இறங்கிப் பழைய இடத்தில் வந்து உட்கார்ந்தது. ரோசம்மா நிறுத்தினாள். பென்சிலை அவனிடம் நீட்டினாள்.

"போடு."

பக்கிரிசாமி பென்சிலை வாங்கினான். டேப்பின் மேல் குனிந்தான். பிறகு நிமிர்ந்தான்.

"அக்கா, இன்னொரு வாட்டி போடேன்."

போட்டாள். அவன் பென்சிலை விரலிடுக்கில் வைத்தபடியே கேட்டான். முடிந்ததும் கையை மட்டும் அசைத்தான். பின்னால் போ என்று. மறுபடி போட்டாள். வாசலில் சத்தம் கேட்டது. பாதிரியார் வந்துவிட்டார், பெட்டியை மூட வேண்டும், தூக்க ஆள் வேண்டும் என்று யாரோ பக்கிரிசாமியின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவன் ஹெட்போனைக் கழற்றி, சூடாக இருந்த அதை அவள் மடியில் வைத்தான். பென்சிலையும் வைத்தான். கொல்லைப் பக்கம் போய்க் காலையும் கையையும் கழுவினான்.

ரோசம்மா தனியாக இருந்தாள். மேசையில் ரப்பர்மரக் கட்டையில் ஹெர்பர்ட் காடி வெட்டிச் செய்த, டேப்பை வைத்து வெட்டும் சட்டம், அதன் பக்கத்தில் புது பிளேடு, தாளைப் பிரிக்காமல். டேப்பை ஒரு சாண் முன்னால் இழுத்தாள். வளைந்த வெள்ளைக்கோடு வெளிச்சத்துக்கு வந்தது. கோடு தொடங்குகிற இடத்தில் அழுத்தம் இருந்தது, முடிகிற இடத்தில் இல்லை.

பக்கிரிசாமிக்காகத்தான் இந்த வெட்டு; அவனோ இந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறான். பிறகு முந்தானை நுனியை நாக்கில் ஈரப்படுத்திக்கொண்டு, டேப்பின் முதுகைத் துடைத்தாள். மரத்தில் பால் வழிந்த கோட்டைத் துடைப்பது மாதிரி, ஒரே பக்கமாக, அழுத்தாமல். ஒரே துடைப்பில் போகவில்லை. இன்னொரு தடவை துடைத்தாள். டேப்பைச் சுற்றி, தகர டப்பாவில் வைத்து, மூடியை அழுத்தினாள். பிளேடை அலமாரியில் வைத்தாள்.

பேட்ரிசியா எட்டிப் பார்த்தாள். "பெட்டிய மூடப் போறாங்க அண்ணி. வெட்டியாச்சா?"

"வேல முடிஞ்சது. வா."

நடராஜாவிடம் டப்பாவை அவளே கொடுத்தாள். இரண்டு கையாலும் வாங்கினார். "சரி பண்ணியாச்சாக்கா? அந்த எட்டாவது பாட்டுல ஏதோ பாக்கின்னு மிஸ்டர் ஹெர்பர்ட் சொன்னாரே?"

"ஒரு பாக்கியும் இல்ல. அப்பிடியே போடுங்க."

அடக்கத்துக்கு எல்லோரும் நடந்தே போனார்கள். கல்லறைத் தோட்டம் தோட்டத்துக் கடைசியில், பால்மரங்கள் முடிகிற இடத்தில். முன்னால் சிலுவை போனது, அப்புறம் பாதிரியார், அப்புறம் பெட்டி. ஆறு பேர் தூக்கினார்கள். பக்கிரிசாமி தலைமாட்டுப் பக்கம் தோள் கொடுத்திருந்தான். திருநீறு பூசிய நெற்றி பெட்டியின் பலகையில் உரசிக்கொண்டே போனது. உபதேசியார் பாட்டை எடுத்துக் கொடுக்க, பெண்கள் பின்னால் இழுத்தார்கள். ஒருவருக்கொருவர் சுருதி சேராமல், ஆனால் நிற்காமல் பாடினார்கள்.

நடராஜா டாக்சியில் ஏறவில்லை. கல்லறைத் தோட்டத்து முனைக்கு வண்டியைக் கொண்டுவரச் சொல்லிவிட்டு, டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கூட்டத்தோடு நடந்தார். நகரத்துச் செருப்பு செம்மண்ணில் பதிந்து பதிந்து எழுந்தது.

பாதி வழியில் தூறல் விழுந்தது. இலைமேல் விழுகிற சத்தம் முதலில் வந்து, அப்புறம்தான் தலையில் பட்டது. பெண்கள் முந்தானையை இழுத்துப் போர்த்தினார்கள். ரோசம்மா திரும்பிப் பார்த்தாள். நடராஜா நின்று குடையை விரித்தார். ஒரு கணம் அதைத் தலைக்கு மேல் பிடித்தார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து, கக்கத்து டப்பாவுக்கு மேலே கொண்டுவந்தார். அவருடைய வழுக்கையிலும் வெள்ளைச் சட்டைத் தோளிலும் மழை பட்டுக்கொண்டிருந்தது. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. மேட்டையும் பள்ளத்தையும் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து வந்தார்.

ரோசம்மா நடையைக் குறைத்து, அவருக்குச் சரியாக வந்து சேர்ந்துகொண்டாள்.